பானையின் மேல் போட்ட பழி

கண்டியில் யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரே தீர்ப்பு: அலுமினியப் பாத்திரம் நஞ்சு. சோற்றோடு கரைந்து உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, வயதானால் மறதியையும் கொண்டுவருகிறது என்கிறார்கள். மகாவலிக்கு அப்பால், மகியங்கனையையும் கிராந்துருகோட்டையையும் தாண்டி, அநுராதபுரத்து மதவாச்சி, பதவியா வரை கமக்காரர்களைச் சாய்த்துவரும் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய்க்கும் அந்தப் பானைதான் காரணம் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். தோட்டப்புறத்தில் ஒரு குடும்பம் இருபது ஆண்டாகச் சோறாக்கிய பானையைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கியிருக்கிறது.

இந்தக் கருத்து பிழை என்பதே என் வாதம். பிழை என்பதோடு, நோயின் உண்மையான காரணத்தைத் தேடும் கண்களை அடுப்பங்கரைக்குத் திருப்பிவிடுவதால் தீங்கானதும்கூட.

இந்தப் பேச்சுக்கு அறிவியல் முகம் கிடைத்தது 1987இல், கண்டியோடு தொடர்புடைய ஓர் ஆய்வினால். பிற்காலத்தில் ஹந்தானை அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்த கீர்த்தி தென்னக்கோன், விக்கிரமநாயக்க என்னும் ஆய்வாளரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். லீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவு புளோரைட்டு கலந்த நீரில் அமிலத்தன்மையை ஏற்றி அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டால், பத்து நிமிடத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் அலுமினியம் கரைகிறது, நீடித்துக் கொதித்தால் 600 வரை போகிறது என்பது அதன் செய்தி. உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியாயிற்று. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குழாய்நீரில் புளோரைட்டு சேர்ப்பதை எதிர்த்தவர்கள் அதைக் கையிலெடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து நடந்ததை யாரும் சொல்வதில்லை. அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தது. புளோரைட்டினால் அப்படியொரு பெருங்கரைவு நிகழவில்லை என்று அதே இதழில் எழுதியது. ஆண்டு முடியுமுன் தென்னக்கோனும் விக்கிரமநாயக்கவும் தாங்களே அதே இதழில் முந்திய எண்களைத் திருத்தினார்கள். அறிவியலாளர் செய்யவேண்டியதை அவர்கள் செய்தார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆனால் முதற்குறிப்பு ஊர் ஊராகப் போயிற்று, திருத்தம் நூலகத்திலேயே தங்கிவிட்டது. நாற்பது ஆண்டாக நம் வாயில் வழங்குவது திருத்தத்துக்கு முந்திய அந்த எண்தான்.

உயர்தர வகுப்பு இரசாயனம் படித்த பிள்ளைகூட இந்த எண்ணைச் சந்தேகித்திருக்க முடியும். புளோரைட்டு அலுமினியத்தோடு சேர்ந்து கரையும் சிக்கல் அயன்களை உண்டாக்கும், அது உண்மை. ஆனால் ஒரு புளோரைட்டு அயன் ஓர் அலுமினிய அயனைத் தூக்கிச் செல்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 1 மில்லிகிராம் புளோரைட்டு தூக்கக்கூடிய அலுமினியம் 1.4 மில்லிகிராம். 200 என்பது அதைப்போல் நூற்று நாற்பது மடங்கு. மிச்சத்தைத் தூக்கியது எது என்ற கேள்விக்கு அமிலத்தைத்தான் கைகாட்ட வேண்டும். புளோரைட்டைக் காட்ட முடியாது. அந்த எண்ணை அன்றாடக் கேத்தலுக்குப் பொருத்திப் பாருங்கள். நாளுக்கு இரண்டு லீற்றர் கொதிக்கும் கேத்தல் ஆண்டுக்கு 146 கிராம் உலோகத்தை இழக்க வேண்டும். அரைக் கிலோ எடையுள்ள கேத்தல் நான்காம் ஆண்டின் முடிவைக் காணாது. நம் வீடுகளில் அதைவிடப் பல மடங்கு வயதுள்ள கேத்தல்கள் அடி தேயாமல் அடுப்பில் இருக்கின்றன.

அவை ஏன் தேயவில்லை என்பதில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. அலுமினியம் இயல்பில் மிகவும் துடிப்பான உலோகம். அதன் வெறும் மேற்பரப்பு நீரைத் தொட்டால் உடனே தாக்கமடைய வேண்டும். ஆனால் காற்றுப் பட்ட நொடியிலேயே அதன்மேல் சில நனோமீற்றர் தடிப்பான ஒட்சைட்டுப் படலம் படர்ந்துவிடுகிறது. அந்தப் படலம் உலோகத்தோடு ஒட்டி, வெடிப்பில்லாமல் மூடுகிறது. கீறினாலும் உடனே மீண்டும் படர்கிறது. கரைவது உலோகமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது இந்தப் படலம் நிற்கிறதா அழிகிறதா என்பதே. பெல்ஜிய இரசாயனவியலாளர் மார்செல் பூர்பே ஒவ்வொரு உலோகத்துக்கும் வரைந்த வரைபடங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை இருந்தால் அலுமினியத்தின் படலம் நிற்கும். அதற்குக் கீழே அமிலமும் மேலே காரமும் அதைக் கரைக்கும். குடிநீர் பெரும்பாலும் இந்த இரு எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

எந்த உலோகமும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை, அது எந்த நீரில் நிற்கிறது என்பதே கேள்வி என்பதைக் காண, திகன வரை போனால் போதும். அங்கும் மாத்தளைப் பக்கமும் தோண்டப்படும் டொலமைட்டுக் கல்லில், தூய கனிமமாயின், எடையில் 13 வீதம் மக்னீசியம். தேயிலைக்கும் தென்னைக்கும் நாம் தூவும் டொலமைட்டு அதுவே. அந்த மக்னீசியத்தை உலோகமாகப் பிரித்தெடுத்து அலுமினியத்தின் பக்கத்தில் வையுங்கள். சாதாரண நீரிலும் உப்பு நீரிலும் அலுமினியம் அசையாது நிற்க, மக்னீசியம் அரித்துப்போகும். அதன் படலம் உலோகத்தை முழுதாக மூடப் போதாது. இரண்டையும் எரிசோடாக் கரைசலில் இட்டால் காட்சி தலைகீழாகும். அலுமினியம் ஐதரசன் குமிழிகளோடு நுரைத்துக் கரையும். மக்னீசியத்தின்மேல் ஐதரொட்சைட்டுப் படலம் படிந்து, பி.எச். 10.5ஐத் தாண்டியபின் அது கரையாமல் நின்று உலோகத்தைக் காக்கும். மக்னீசியக் கலப்புலோக உதிரிகளைச் சூடான காரக் கரைசலில் கழுவுவது தொழிற்சாலைகளில் வழக்கமான வேலை. அதையே அலுமினிய உதிரிக்குச் செய்தால் பொருள் போய்விடும். 9 வீதம் அலுமினியமும் 1 வீதம் நாகமும் கலந்த மக்னீசியக் கலப்புலோகத்தைச் செறிந்த காரத்தில் இட்டால், மக்னீசியம் நின்றிருக்க அதற்குள் இருக்கும் அலுமினியம் முதலில் கரையத் தொடங்குவதையும் காணலாம்.

இதைவிட வியப்பானது புளோரைட்டின் கதை. அலுமினியத்தின் படலத்தைத் தொந்தரவு செய்யும் அதே புளோரைட்டு, மக்னீசியத்தின்மேல் கரையாத மக்னீசியம் புளோரைட்டாகப் படிந்து கவசமாகிறது. கண்ணாடியையே தின்னும் ஐதரோபுளோரிக் அமிலத்தை மக்னீசியம் தாங்குவது இதனால்தான். ஆக, ‘புளோரைட்டு உலோகத்தைக் கரைக்கும்’ என்று பொதுவாகச் சொல்வது அறிவியலே இல்லை. எந்த உலோகம், எந்த பி.எச்., எவ்வளவு நேரம் என்று கேட்காத ஒருவருக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் உரிமை கிடையாது.

இனி நம் சமையலறைக்கு வருவோம். குழாய்த் தண்ணீர் காய்ச்சும் கேத்தலின் உட்புறம் நாளடைவில் கறுக்கிறது. அதை நஞ்சு வெளியேறியதன் அடையாளம் என்று பயந்து, சாம்பலும் இரும்பு நாரும் கொண்டு பளபளவெனத் தேய்க்கிறோம். அந்தக் கறுப்பு, சிறிதளவு காரத்தன்மையுள்ள நீரில் கொதித்துத் தடித்துப்போன ஒட்சைட்டுப் படலம். நீரின் தாதுப்பொருள் அதில் சேர்ந்து கறுப்பாகத் தெரிகிறது. அதுதான் காவல். தக்காளியோ புளியோ கொறுக்காப்புளியோ போட்டுக் காய்ச்சியதும் பானையின் உள்ளே பளிச்சென்று வெளுப்பதைப் பார்த்து மகிழ்கிறோமே, அப்போதுதான் படலம் கரைந்து குழம்புக்குள் போயிருக்கிறது. சாம்பலும் காரம். கடலை அவிக்கப் போடும் அப்பச்சோடாவும் கொதிக்கக் கொதிக்கக் காரத்தன்மை கூடிக்கொண்டே போகும். குண்டசாலையில் புதுவீடு கட்டுகிறவர் அலுமினிய யன்னல் சட்டத்தில் ஈரச் சீமெந்து தெறித்தால் உடனே துடைக்கச் சொல்வது இதே காரணத்தால்தான். பயப்பட வேண்டிய இடத்தில் நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டிய இடத்தில் பயந்து சுரண்டுகிறோம். இந்தத் தலைகீழ்ப் புரிதலைப் பரப்பியதில் பானை எதிர்ப்புப் பேச்சுக்குப் பெரும் பங்குண்டு.

புளிக்குழம்பை அலுமினியத்தில் காய்ச்சலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். புளித்த உணவு நெடுநேரம் கொதித்தால் கிலோவுக்குச் சில மில்லிகிராமிலிருந்து சில பத்து மில்லிகிராம் வரை அலுமினியம் இறங்கலாம். அம்புல் தியல் செய்யும் சிங்கள வீடுகள் மண்சட்டியை விடாமல் வைத்திருப்பது அறிவுள்ள வழக்கம். ஆனால் இறங்குவது வேறு, உடலில் தங்குவது வேறு. உணவோடும் நீரோடும் போகும் அலுமினியத்தில் குடல் உறிஞ்சுவது நூற்றில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவு. ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று வரை என்பதே பொதுவான மதிப்பீடு. உறிஞ்சியதை நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். உணவுச் சேர்க்கைப்பொருள்கள் பற்றிய சர்வதேச நிபுணர் குழு 2011இல் வாரத்துக்கு உடலெடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை தாங்கலாம் என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2008இல் இன்னும் கடுமையாக 1 மில்லிகிராம் என்று வைத்தது. கடுமையானதையே எடுத்தாலும், 60 கிலோ எடையுள்ளவருக்கு வாரம் 60 மில்லிகிராம்.

பானையை வெறுப்பவர்கள் தங்கள் கையிலிருக்கும் கோப்பையை ஒருமுறை பார்க்க வேண்டும். தேயிலைச் செடி அமில மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் அரிய செடி. முதிர்ந்த இலையில் அது மிக அதிகம், கொழுந்தில் குறைவு. சாயத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 1 முதல் 6 மில்லிகிராம் வரை அலுமினியம் இருக்கிறது, கூடவே புளோரைட்டும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்ட நாளிலிருந்து இந்த மலைநாடு அலுமினியமும் புளோரைட்டும் கலந்த நீரைக் கோப்பை கோப்பையாகக் குடித்துவருகிறது. இந்தச் சேர்க்கைதான் சிறுநீரகத்தைக் கொல்கிறது என்றால், நோய் முதலில் தோன்றியிருக்க வேண்டிய இடம் ஹேவாஹெட்டையும் நுவரெலியாவும். அது 1990களில் தோன்றியது வடமத்திய வறண்ட வலயத்தில். தேநீரிலுள்ள அலுமினியம் பெரும்பாலும் இலையின் பொலிபீனோல்களோடு பிணைந்திருப்பதால் உடலில் ஏறுவது மிகக் குறைவு என்பார்கள். சரி. பானையிலிருந்து வரும் அலுமினியமும் எந்த வடிவில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றுதானே நானும் கேட்கிறேன்?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பேராசிரியர் ஒலிவர் இலேபெருமவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வை இப்போது எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இன்றைய பேச்சு முழுவதும் அதன் பெயரால்தான் நடக்கிறது. அதன் தலைப்பே எவ்வளவு கவனமாக எழுதப்பட்டது! தரக்குறைவான பாத்திரங்கள், மிகுந்த புளோரைட்டு, வடமத்திய மாகாணம், ‘ஏற்படக்கூடிய ஓர் ஆபத்துக் காரணி’: இத்தனை நிபந்தனைகள் அதில் இருக்கின்றன. அது ஒரு கருதுகோள். ஊர்வாய்க்கு வந்தபோது தரக்குறைவு போயிற்று, மாகாணம் போயிற்று, ‘ஏற்படக்கூடிய’ என்பதும் போயிற்று. எஞ்சியது ‘அலுமினியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்’ என்ற மூன்று சொல். புளோரைட்டு மிகக் குறைந்த மகாவலி நீரைக் குடிக்கும் கண்டிக்காரர் அந்த மூன்று சொல்லைக் கேட்டுத் தன் பானையைத் தூக்கியெறிகிறார்.

அந்தக் கருதுகோளையே அதன் சொந்த நிலத்தில் வைத்துப் பார்த்தாலும் அது நிற்கவில்லை என்பதே என் முடிவு. நோயாளிகளில் பெரும்பான்மையோர் வயலில் உழைக்கும் ஆண்கள். ஆனால் சோறு ஒரே பானையிலிருந்துதான். மனைவியும் பிள்ளைகளும் தாயும் அதையே உண்கிறார்கள். பானை குற்றவாளியென்றால் அது வீட்டில் ஆளைத் தெரிவுசெய்து தாக்குமா? மேலும், அதே அலுமினியப் பானைகள் யாழ்ப்பாணத்திலும் அம்பாறையிலும் காலியிலும் இருக்கின்றன. கிணற்றில் புளோரைட்டு கூடிய எல்லா ஊர்களிலும் இந்நோய் இல்லை என்பதையும் பேராதனையின் புவியிரசாயன ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். ரோகண சந்திரஜித் முதலியோர் 2011இல் புளோரைட்டோடு நீரிலுள்ள சோடியத்துக்கும் கல்சியத்துக்கும் உள்ள விகிதத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். பின்னர் ஹந்தானை நிறுவனத்திலிருந்தே புளோரைட்டும் கட்மியமும் நீரின் வன்மையும் ஒன்றுசேர்ந்து இயங்கலாம் என்ற ஆய்வு வந்தது. வறண்ட வலயத்து நீரின் வன்மையில் மக்னீசியத்துக்கும் பங்குண்டு. நிக்கராகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடமும், ஆந்திரத்து உத்தானத்திலும் இதையொத்த நோய் இருக்கிறது. அங்கெல்லாம் வெப்பமும் நீரிழப்பும் ஆய்வுக்கு வருகின்றன. ஆய்வாளர்கள் நீரையும் வயலையும் வெயிலையும் தோண்டிக்கொண்டிருக்கும்போது நாம் அடுப்பங்கரையில் வழக்கை முடித்துவிட்டோம்.

அலுமினியம் உடலில் தேங்கினால் என்ன செய்யும் என்பது மருத்துவத்துக்கு நன்றாகத் தெரியும். 1970களில் குருதி சுத்திகரிப்புச் செய்துகொண்ட சிறுநீரக நோயாளிகளில் பலர் மூளை பாதித்து, எலும்பு மெலிந்து, குருதிச்சோகையோடு இறந்தார்கள். சுத்திகரிப்பு நீரிலும் மருந்திலும் இருந்த அலுமினியமே காரணம் என்று தெரிந்து நீரைத் திருத்தினார்கள். பானை எதிர்ப்பாளர்கள் இதைத்தான் தங்கள் பெரிய சாட்சியாகக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சாட்சி அவர்களுக்கு எதிராகவே பேசுகிறது. அங்கே அலுமினியம் பெரும்பாலும் குடலைத் தாண்டி நேரே குருதிக்குள் போனது. சிறுநீரகம் ஏற்கனவே செயலிழந்திருந்ததால் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தாக்கியதும் மூளையையும் எலும்பையும். சிறுநீரகம் கெட்டதால் அலுமினியம் தேங்கியது என்பதைத் திருப்பிப்போட்டு, அலுமினியத்தால் சிறுநீரகம் கெட்டது என்கிறார்கள். மறதிநோய் பற்றி நீட்டவேண்டியதில்லை. முயல்களின் மூளைக்குள் அலுமினிய உப்பை நேரே செலுத்திய 1960களின் சோதனைகளிலிருந்து கிளம்பிய சந்தேகம் அது. சமையற் பாத்திரத்தை அந்நோயின் காரணமாக மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை.

இதற்கெல்லாம் மேலாக, உண்மையில் பார்க்கவேண்டிய ஒரு பாத்திரம் இருக்கிறது. கழிவு உலோகத்தை உருக்கி மண்ணச்சில் வார்க்கும் தாச்சிகளும் சட்டிகளும். பழைய இயந்திரப் பாகம், மோட்டார் உதிரி, வர்ணம் பூசிய தகடு எல்லாம் ஒரே உலையில் போகும்போது செம்பும் இரும்பும் ஈயமும் சேர்ந்தே உருகுகின்றன. செம்பும் இரும்பும் கலந்த இடங்களில் படலம் வலுவிழந்து சிறு மின்கலங்கள்போல் இயங்கிக் குழிகுழியாக அரிக்கும். மக்னீசியத்தில் இது இன்னும் கடுமை: பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 170 பங்கு இரும்பைத் தாண்டினால் அதன் அரிப்பு பல மடங்கு பெருகும் என்று 1942இலேயே அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். பானையில் என்னைக் கவலைப்படுத்துவது ஈயம். இந்தியா, நேபாளம், பங்களாதேசம் உட்படப் பத்து நாடுகளின் வார்ப்புப் பாத்திரங்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வு, அவற்றில் பல ஈயத்தை உணவில் விடுவதைக் கண்டது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை. அது பிள்ளைகளின் மூளையைத் தொடுகிறது. ‘அலுமினியம் நஞ்சு’ என்ற கூச்சலில் தூய தகட்டுப் பானைக்கும் கழிவு வார்ப்புத் தாச்சிக்கும் இருக்கும் வேறுபாடு மறைந்துபோகிறது. எல்லாமே நஞ்சென்றால், வசதியுள்ளவர் எவர்சில்வருக்கு மாறிவிடுவார். வசதியற்றவர் கடைத்தெருவில் எது மலிவோ அதை வாங்குவார். மலிவானது அந்த வார்ப்புத் தாச்சியாகவே இருக்கக்கூடும்.

காரணம் நிறுவப்படாமலே தீர்ப்பெழுதி நாம் ஏற்கனவே ஒருமுறை விலை கொடுத்திருக்கிறோம். சிறுநீரக நோயின் பெயரால் 2015இல் கிளைபோசேற்று நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. களையெடுக்க வழியின்றித் தேயிலைத் தோட்டங்கள் திண்டாடின. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. இடையில் நோய் தன் வழியே போனது. பானைக்கு அரச தடை வரவில்லை. ஆனால் மனங்களில் வந்த தடை, மதவாச்சியில் ஒரு கமக்காரரைத் தன் கிணற்றைப் பற்றிக் கேட்காமல் தன் பானையைப் பற்றிக் கேட்க வைத்திருக்கிறது.

தூய தகட்டுப் பானை வைத்திருப்பவர் அதில் சோறும் பருப்பும் தயங்காமல் ஆக்கலாம். புளிக்கும் அப்பச்சோடாவுக்கும் மண்சட்டியோ எவர்சில்வரோ வையுங்கள். கறுத்த உட்புறத்தைச் சுரண்டாதீர்கள். எங்கே வார்த்தது என்று தெரியாத தாச்சியை வாங்காதீர்கள். வறண்ட வலயத்தில் உறவினர் இருந்தால், அவர்கள் குடிக்கும் கிணற்றுநீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். புளோரைட்டு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த நீர் குடிக்க உகந்ததன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைக் கொதிக்கவைத்துப் பயனில்லை: மண்சட்டியானாலும் எவர்சில்வரானாலும் நீர் ஆவியாகும், புளோரைட்டு ஆவியாகாது, கொதிக்கக் கொதிக்க அதன் செறிவு கூடும்.